மாமன் வழி வந்த ஓர் எழுத்து

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குச் சொத்துக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூறாண்டுக்கு முன்பு இங்கே வேளாளர் வீடுகளில் தகப்பன் தேடிய சொத்து மகனுக்குப் போகாது. சகோதரியின் மகனுக்கு, அதாவது மருமகனுக்குப் போகும். அதனால் வீடுகளுக்குள் நடந்த கூத்தையெல்லாம் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ‘மருமக்கள்வழி மான்மியம்’ என்று எழுதி ஊரைச் சிரிக்க வைத்தார். 1926-இல் திருவிதாங்கூர் அரசு இயற்றிய நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்துக்குப் பிறகுதான் பெற்ற பிள்ளைகளுக்கும் வழி பிறந்தது.

இங்கே நான் சொல்லப்போகும் சொத்துக்கு மக்கள்வழியும் கிடையாது, மருமக்கள்வழியும் கிடையாது. அப்பாவிடமிருந்தும் வரும், அம்மாவிடமிருந்தும் வரும். ஆண், பெண் பேதம் பார்க்காது. ஒவ்வொரு பிள்ளை பிறக்கும்போதும் ஒரு நாணயம் சுண்டப்படுகிறது: தலை விழுந்தால் உண்டு, பூ விழுந்தால் இல்லை. மாமனுக்கு அது பரம்பரையாக வந்திருந்தால், அவர் சகோதரிக்கு வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. சகோதரியின் பிள்ளைக்கு நாலில் ஒன்று. கைமாறும் சொத்தோ ஒரே ஓர் எழுத்து. அது ஒரு குழந்தையின் கழுத்தில் புற்றுநோயாக வளரும்.

அந்த எழுத்து எவ்வளவு சிறியது என்று பாருங்கள். மனித உடலின் மரபுக் குறிப்பேட்டில் சுமார் 300 கோடி எழுத்துகள். பக்கத்துக்கு 2,000 எழுத்து, புத்தகத்துக்கு 1,000 பக்கம் என்று அச்சிட்டால் 1,500 புத்தகங்கள். ஊர் நூலகம் ஒன்று நிறைந்துவிடும். அதில் பத்தாவது குரோமோசோமில் ‘ரெட்’ என்ற ஒரு மரபணு. 1985-இல் ஜப்பானிய விஞ்ஞானி மசாஹிதே தகாஹாஷி கண்டுபிடித்துப் பெயர் வைத்தது. மரபணு மொழியில் எல்லாச் சொற்களும் மூன்றெழுத்துச் சொற்கள்தாம். ரெட் மரபணுவின் 634-ஆவது சொல் ‘டி-ஜி-சி’. சில குடும்பங்களில் அது ‘சி-ஜி-சி’ என்று இருக்கிறது. 1,500 புத்தகத்தில் ஒரு அச்சுப்பிழை. இப்படிப்பட்ட எழுத்து மாற்றத்தைத் திரிபு என்கிறோம்.

ஒரு பிழை இவ்வளவு கேட்டைச் செய்வது எப்படி? ரெட் மரபணு 1,114 அமினோ அமிலங்களைக் கோத்து ஒரு புரதத்தைச் செய்கிறது. செல்லின் தோலில் செருகி நிற்கும் அந்தப் புரதம் ஓர் அழைப்பு மணி. வெளியிலிருந்து தகுந்த சேதி வந்தால் இரண்டு ரெட் புரதங்கள் பக்கத்தில் வந்து கைகோக்கும். உடனே உள்ளே மணி அடிக்கும்: வளர், பெருகு. சேதி போனதும் கைகள் பிரியும், மணி நிற்கும். டி-ஜி-சி என்ற சொல்லுக்குப் பொருள் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம். சிஸ்டீனுக்கு ஒரு குணம்: தனியாக நிற்காது, இன்னொரு சிஸ்டீனைக் கந்தகப் பாலத்தால் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒரே புரதத்துக்குள் இப்படி ஜோடி ஜோடியாக நிற்கின்றன. 634-ஆவது இடத்தில் சிஸ்டீன் இல்லாமல் போனால் அதன் ஜோடி தனித்துப்போகிறது. தனித்தது சும்மா இருக்குமா? அடுத்த ரெட் புரதத்தில் இதே மாதிரி தனித்து நிற்கும் சிஸ்டீனைப் பிடித்துக்கொள்கிறது. சேதி எதுவும் வராமலே இரண்டு புரதங்கள் கைகோத்துவிட்டன, இனிப் பிரியமாட்டா. பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்ட அழைப்பு மணி போல, அந்தச் செல்லுக்குள் ராவும் பகலும் ‘பெருகு, பெருகு’ என்று அடித்துக்கொண்டே இருக்கிறது.

இதே மணி அடிக்கவே இல்லையென்றால் என்ன ஆகும்? கருவிலிருக்கும் குழந்தையின் குடலுக்கு நரம்பு போட்டுக் கொடுப்பது இந்த ரெட்தான். சிறுநீரகம் உருவாகவும் அது வேண்டும். ரெட் பழுதாகி அடங்கிப்போனால் குடலின் கடைசிப் பகுதியில் நரம்பில்லாமல் குழந்தை பிறக்கும். மலம் இறங்காது, வயிறு வீங்கும். ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் என்று பெயர். ஓயாமல் அடித்தால் ஒரு நோய், அடிக்காவிட்டால் இன்னொரு நோய். அபூர்வமாகச் சில திரிபுகள் ஒரே குழந்தைக்கு இரண்டையும் தந்துவிடுகின்றன.

மணி ஓயாமல் அடித்தால் முதலில் கெட்டுப்போவது தைராய்டு சுரப்பியில் ஒரு சிறுபான்மைக் கூட்டம்: சி செல்கள். சுரப்பியின் செல்களில் நூற்றுக்கு ஒன்று தேறினால் அதிகம். இவை சுரப்பது கால்சிட்டோனின், ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைக் குறைக்கும் ஹார்மோன். மீன்களுக்கு அது பெரிய விஷயம். சால்மன் மீனின் கால்சிட்டோனின் மனிதனுடையதைவிட வீரியமானது என்பதால் அதையே எலும்பு மருந்தாகக் கொடுக்கிறார்கள். மனிதனுக்கோ அது இல்லாமல் போனாலும் சொல்லும்படி ஒன்றும் ஆவதில்லை. பிறகு ஏன் வைத்திருக்கிறோம் என்று கேட்டால் பரிணாமம் பழைய சாமான்களைப் பரணிலிருந்து இறக்குவதில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பழைய சாமான் மருத்துவருக்குப் பெரிய உதவி. சி செல் பெருகினால் ரத்தத்தில் கால்சிட்டோனின் ஏறும். கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே ரத்தம் சொல்லிவிடும்.

சி செல்லில் பிறக்கும் புற்றுக்கு மெடுல்லரி தைராய்டு புற்று என்று பெயர். தைராய்டு புற்றுகளில் நூற்றுக்குச் சில மட்டுமே இந்த வகை. அதிலும் சுமார் நாலில் ஒன்றுதான் பரம்பரையாக வருவது. மற்ற தைராய்டு புற்றுகளுக்கு ஒரு நல்ல வைத்தியம் உண்டு: கதிரியக்க அயோடினைக் குடிக்கக் கொடுத்தால், அயோடின் பசியுள்ள புற்றுச் செல்கள் அதை விழுங்கிச் சாகும். சி செல்லுக்கு அந்தப் பசியே கிடையாது. ஆகவே இங்கே நம்பகமான வைத்தியம் கத்தி ஒன்றுதான், அதுவும் புற்று சுரப்பியைத் தாண்டுவதற்கு முன்பு.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் புற்றுநோய் என்றாலே கை நீட்ட இரண்டு குற்றவாளிகள் தயாராக இருக்கிறார்கள். ஒன்று வெற்றிலை புகையிலை. அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. நெய்யூர் மருத்துவமனையில் பணிபுரிந்த இயன் ஓர் என்ற மருத்துவர் 1933-இலேயே ‘லான்செட்’ ஆய்விதழில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்றைப் பற்றி விரிவாக எழுதினார். மற்றது மணவாளக்குறிச்சி மணல். மோனசைட் தாதுவில் தோரியம் இருப்பதால் கடற்கரையில் இயற்கைக் கதிரியக்கம் அதிகம்தான். ஆனால் அதே மாதிரி மணல் உள்ள கொல்லம் மாவட்டக் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஆய்வு, அந்தக் கதிரியக்கத்தால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. இரண்டுமே வெளியிலிருந்து வருபவை. 634-ஆவது சொல் பிறக்கும்போதே உள்ளே இருக்கிறது. சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இல்லை. பெற்றோர் இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் சில நோய்கள் தோன்றும், அங்கேதான் சொந்தத் திருமணம் வினையாகும். இதற்கு ஒரு பிழையான பிரதி போதும்.

உலக அளவில் சுமார் 35,000 பேரில் ஒருவருக்கு இந்தத் திரிபுகளில் ஏதாவது ஒன்று இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர். அந்தக் கணக்கு இங்கும் பொருந்துமானால் மாவட்டம் முழுவதும் ஐம்பது பேர் போல வரும். ஒரு பஸ்ஸில் அடங்கிவிடும் கூட்டம். ஆனால் அந்த பஸ்ஸில் யார் ஏற வேண்டும் என்பதைக் குழந்தை பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிட முடியும். மருத்துவத்தில் இது மிக அபூர்வமான வசதி. அறம் சார்ந்த தொந்தரவுகள் எல்லாம் இந்த வசதியிலிருந்துதான் தொடங்குகின்றன.

இந்த வசதி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959-இல் மெடுல்லரி புற்று ஒரு தனி வகை என்று அடையாளம் கண்டார்கள். 1961-இல் ஜான் சிப்பிள் என்ற அமெரிக்க மருத்துவர், தைராய்டு புற்றும் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் கட்டியும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதைக் கவனித்தார். 1970-களில் இருந்து இந்தக் குடும்பங்களின் பிள்ளைகளை ஆண்டுதோறும் வரவழைத்து, பென்டாகாஸ்ட்ரின் என்ற ஊசியைப் போட்டுக் கால்சிட்டோனின் ஏறுகிறதா என்று பார்த்தார்கள். ஊசி போட்டதும் நெஞ்சை அடைக்கும், குமட்டும். பாதிப் பிள்ளைகளுக்குத் திரிபே கிடையாது. ஆனால் யார் அந்தப் பாதி என்று தெரியாததால் எல்லோரும் வருடா வருடம் குமட்டினார்கள். 1993-இல் ரெட் மரபணுதான் காரணம் என்று தெரிந்தது. மறு ஆண்டே, அமெரிக்காவில் சாமுவேல் வெல்ஸ் குழுவினர், மரபணுச் சோதனையை மட்டும் நம்பி, நோயின் அடையாளம் எதுவும் இல்லாத பிள்ளைகளின் தைராய்டை அகற்றியதை அறிவித்தார்கள். ஓர் எழுத்தைப் படித்துவிட்டு ஓர் உறுப்பை எடுப்பது அப்போது மருத்துவத்துக்கே புதிது. அதே காலத்தில் வெளிவந்த இன்னொரு உண்மை சங்கடமானது: ஊசிச் சோதனையை நம்பி முன்பு சுரப்பியை எடுத்துவிட்ட சிலருக்குத் திரிபே இருக்கவில்லை.

எப்போது எடுப்பது? இங்கேதான் எண்கள் பேசுகின்றன. அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2015-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல் திரிபுகளை மூன்று படியாகப் பிரிக்கிறது. 918-ஆவது சொல் மாறியிருந்தால் முதல் பிறந்தநாளுக்குள். 634 என்றால் ஐந்து வயதில் அல்லது அதற்கு முன். மற்றவற்றுக்குக் கால்சிட்டோனினைக் கவனித்துக்கொண்டே காத்திருக்கலாம். பெற்றோரோடு பேசி முடிவு செய்யலாம். ஒரே மரபணுவில் பிழை எந்தச் சொல்லில் என்பதைப் பொறுத்துக் கடிகாரத்தின் வேகமே மாறுகிறது.

918-ஆவது சொல்லின் பிழை பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை, அந்தக் குழந்தையில்தான் புதிதாகத் தோன்றுகிறது. குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஒரு விசித்திரமான தடயம் உண்டு. இந்தக் குழந்தைகளில் பலர் கண்ணீர் இல்லாமல் அழுகிறார்கள். வீறிட்டு அழும், கன்னம் நனையாது. கூடவே தீராத மலச்சிக்கல். ‘பிள்ள அழுதா கண்ணீரே வரல்ல’ என்று ஒரு தாய் சொல்வதைக் காதில் வாங்கும் குழந்தை மருத்துவர் ஒருவர் கிடைத்தால், அந்த ஒரு வாக்கியம் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

காத்திருக்காமல் எடுத்ததற்குப் பலன் இருந்ததா? 2005-இல் வெளியான ஆய்வில், 19 வயதுக்குள் அறுவை செய்துகொண்ட 50 பேரை ஐந்தாண்டோ அதற்கும் மேலோ கழித்துப் பார்த்தார்கள். 44 பேரிடம் நோயின் சுவடே இல்லை. எட்டு வயதுக்கு முன் செய்துகொண்டவர்களின் நிலை இன்னும் நல்லது. இத்தனை தெளிவான கணக்கு கையில் இருக்கும்போது யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அறுவை அறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

தைராய்டின் முதுகில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெரியவர்களுக்கே ஒவ்வொன்றும் ஓர் அரிசிமணி அளவுதான். கைக்குழந்தைக்கு அரிசிக் குருணை. நிறமும் சுற்றியுள்ள கொழுப்போடு கலந்துவிடும். ரத்தத்தில் சுண்ணாம்பைத் தாங்கிப் பிடிப்பவை இவை. தைராய்டோடு சேர்ந்து இவையும் போய்விட்டால் கைகால் இழுக்கும், வலிப்பு வரும், வாழ்நாள் முழுக்கக் கால்சியமும் வைட்டமின்-டியும் வேண்டும். பக்கத்திலேயே குரல்நாண்களுக்குப் போகும் நூலிழை நரம்பு. வடசேரியில் கோயில் நகைக்குக் கல் பதிக்கும் ஆசாரி, உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சுவிடும் ஒரு நகையில் வேலை செய்வதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதனால்தான் குழந்தைகளின் இந்த அறுவையைக் கைதேர்ந்த பெரிய மையங்களில் மட்டும் செய்ய வேண்டும் என்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையம் பக்கம், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 600 கிலோமீட்டருக்கும் மேல். மெடுல்லரி புற்றில் தன் இருபதாண்டு அனுபவத்தை ஆய்விதழில் பதிவு செய்திருக்கும், ரெட் சோதனையும் செய்யும் இடம் அது. நெய்யூரில் கத்தி பிடித்த எவரெஸ்ட் வீரர் சாமர்வெல் பின்னாளில் பாடம் நடத்தியதும் அங்கேதான் என்பதால், இந்த மாவட்டத்துக்கும் வேலூருக்கும் உறவு இன்று நேற்றையது அல்ல.

சுரப்பி போனபின் தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை. கட்டஞ்சாயாவுக்கு அரை மணி முன்பு. தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் ஆவதால் ஒருநாள் மறந்தால் குடி முழுகாது. ஆனால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூளை வளரவே இந்த ஹார்மோன் வேண்டும். வாரக்கணக்கில் விட்டால் அறிவு வளர்ச்சி பாதிக்கும். மாத்திரை சில்லறைக் காசு விஷயம் அல்ல, அறுபது எழுபது வருஷ விஷயம். இன்னொன்று: கழுத்தில் சுரப்பி போனாலும் மற்றச் செல்களில் எழுத்து போகாது. 634-காரர்களில் சுமார் பாதிப் பேருக்கு அட்ரினல் கட்டி வரலாம் என்பதால் பதினோரு வயதிலிருந்து ஆண்டுதோறும் சோதனை உண்டு.

இப்போது கேள்வி நேராக நிற்கிறது. ஓடி விளையாடும் நாலு வயதுப் பிள்ளை. கழுத்தில் ஒன்றுமில்லை, ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஒரு தாளில் மட்டும் ஓர் எண். கத்தி வைக்கலாமா? பிள்ளையைக் கேட்க முடியாது. சட்டம் பெற்றோரைக் கேட்கச் சொல்கிறது: பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 89-ஆவது பிரிவும், அதன் இடத்தில் இப்போது வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-ஆவது பிரிவும், 12 வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக, காப்பாளர் சம்மதத்தோடு, நல்லெண்ணத்தில் செய்வதைக் குற்றம் ஆக்கவில்லை. நன்மை எது என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

மரபணுச் சோதனையில் உலகெங்கும் ஒரு பொதுக் கொள்கை உண்டு: நடுவயதில் வரப்போகும், இப்போது தடுக்க முடியாத நோய்க்குக் குழந்தையைச் சோதிக்கக் கூடாது. ஹன்டிங்டன் என்ற நரம்பு நோய் அப்படிப்பட்டது. தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமை அந்தக் குழந்தைக்கு உண்டு; பெரியவனாகி அவனே முடிவு செய்யட்டும். ரெட் இதற்கு விலக்கு. அவன் பெரியவனாகும்வரை காத்திருந்தால் புற்று காத்திருக்காது. 918, 634 இரண்டிலும் எனக்குத் தயக்கம் இல்லை. பெற்றோர் மறுத்தால் மருத்துவர் ஒருமுறைக்கு நாலுமுறை உட்கார்ந்து பேச வேண்டிய இடம் இது. பூ விழுந்த பிள்ளைக்கோ இந்தச் சோதனை ஒரு விடுதலைப் பத்திரம். அவனுக்கும் அவன் சந்ததிக்கும் இனி ஊசியே வேண்டாம்.

மூன்றாவது படியில்தான் எனக்குக் கால் தடுமாறுகிறது. 804-ஆவது சொல்லில் ஒரு திரிபு. நோயுள்ள குடும்பங்களை மட்டும் பார்த்தவரை அது ஆபத்தானதாகத் தெரிந்தது. பிறகு பொதுமக்களின் மரபணுக்களைத் திரளாகப் படித்தபோது, இந்தத் திரிபோடு நிம்மதியாக வாழ்கிறவர்கள் எதிர்பார்த்ததைவிட ஏராளம் என்று தெரிந்தது. 75 வயதுக்குள் புற்று வருவது நூற்றுக்குச் சுமார் நாலு பேருக்கு என்று 2018-இல் ஒரு கணிப்பு. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் ஊரே நோயாளியாகத் தெரியும், அவ்வளவுதான். இப்போது வேறு எதற்கோ முழு மரபணுச் சோதனை செய்யப்போன பிள்ளையிடம் இந்த எழுத்து தற்செயலாகக் கண்ணில் பட்டால்? கத்தியை உறையில் போட்டுவிட்டு ஆண்டுக்கொருமுறை கால்சிட்டோனின் பார்ப்பதே போதும் என்பேன். அதிலும் ஒரு சிக்கல், மூன்று வயதுவரை கால்சிட்டோனின் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். 12 வயதுப் பிள்ளை என்றால் அந்தப் பிள்ளையையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் கழுத்தில் தழும்பு எங்கே வரும் என்பது அவர்களுக்கு முக்கியமான கேள்வி.

ஆபத்துள்ள பிள்ளைகள் அந்த வீட்டில் மட்டும் இல்லை என்பதுதான் கடைசிச் சங்கடம். அப்பாவுக்குத் தெரிந்தால் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் தெரிய வேண்டும். யார் சொல்வது? அமெரிக்காவில் இதே புற்றுக்குச் சிகிச்சை பெற்ற ஒரு தாயின் மகளுக்கும் மூன்றாண்டு கழித்து அதே நோய் தெரியவந்தது. ‘பரம்பரை நோய் என்று ஏன் எச்சரிக்கவில்லை?’ என்று அவர் அம்மாவின் மருத்துவர்கள் மீது வழக்குத் தொடுத்தார். 1995-இல் புளோரிடா உச்ச நீதிமன்றம் சொன்னது: மருத்துவர் எச்சரிக்க வேண்டும், ஆனால் நோயாளியிடம் சொன்னால் போதும், உறவினர்களைத் தேடிப்போக வேண்டியதில்லை. மிச்சத்தைக் குடும்பத்தின் தலையில் வைத்துவிட்டது தீர்ப்பு. நம் ஊரில் அந்தத் தலையில் இன்னொரு பாரமும் உண்டு: கல்யாண வயதில் பொண்ணு இருக்கிறாள், ‘அந்த வீட்டுல தொண்டையில என்னமோ வியாதியாம்’ என்று பேச்சு வந்துவிடக் கூடாது. காப்பீட்டுப் பயமும் உண்டு. 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றை ஒட்டி, மரபணுக் கோளாறு என்று பொதுப்படச் சொல்லிக் காப்பீட்டை மறுக்கும் விதியைச் சேர்க்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. கல்யாணத் தரகருக்கு அப்படி ஆணை போட ஆணையம் எதுவும் இல்லை.

சில மருத்துவர்கள் இதற்கு ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். நோயாளியின் கையில் உறவினருக்கான கடிதம் ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். யார் மேலும் பழி போடாத நாலு வரி, கீழே திரிபின் எண். வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் பூட்டிவைக்க வேண்டிய தாள் அல்ல. ஜெராக்ஸ் எடுத்து அத்தை வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் கொடுக்க வேண்டியது. அதை எடுத்துக்கொண்டு அத்தை தன் மகனைச் சோதனைக்கு அழைத்துப்போனால், ஆய்வகம் ரெட் மரபணு முழுவதையும் எழுத்தெண்ணிப் படிக்க வேண்டாம். 634-ஆவது சொல்லைத் திறந்து, முதல் எழுத்து ‘டி’யா ‘சி’யா என்று பார்த்தால் போதும்.